வீட்டில் செய்த ஹெட்ஃபோன் ஆம்ப்பில் டிசி ஆஃப்செட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்டரி மாட்டி எல்இடி எரிந்ததும், அந்தச் சந்தோஷத்தில் நேராக ஹெட்ஃபோனைச் செருகிவிடுகிறோம். அதற்கு முன்னால் இரண்டு நிமிடம் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தால் பல ஹெட்ஃபோன்கள் பிழைக்கும். அப்படி உட்கார்ந்தவர்களுக்கு வரும் சந்தேகங்கள்தாம் கீழே இருப்பவை.

பேச வசதியாக ஒரே சர்க்யூட்டை எடுத்துக்கொள்கிறேன். சூ மோய் என்பவர் 1990களின் இறுதியில் வெளியிட்ட சின்ன பாக்கெட் ஆம்ப், அவர் பெயராலேயே 'சிமோய்' என்று அழைக்கப்படுவது. ஒரு 9 வோல்ட் பேட்டரி. இரண்டு 4.7 கே (கிலோஓம்) ரெசிஸ்டர் அதை நடுவில் பிரித்து ஒரு வர்ச்சுவல் கிரவுண்டை உண்டாக்குகின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். வால்யூம் பாட்டிலிருந்து (திருகும் பொட்டென்ஷியோமீட்டர்) வரும் சிக்னல் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக ஆப்-ஆம்ப்பின், அதாவது சிக்னலைப் பெருக்கும் ஐசியின், 3-ஆம் பின்னுக்கு (காலுக்கு) போகிறது. அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 100 கே. 1-ஆம் பின்னிலிருந்து 2-ஆம் பின்னுக்கு 10 கே ஃபீட்பேக், 2-ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 1 கே. கெயின், அதாவது சிக்னல் பெருகும் மடங்கு, 11. அவுட்புட் நேராக ஜாக்குக்கு. இன்னொரு சேனலும் இதே மாதிரி, பின் எண்கள் மட்டும் 5, 6, 7. ஐசிக்கு சப்ளை 8-லும் 4-லும்.

டிசி ஆஃப்செட் என்பது என்ன?

பாட்டு எதுவும் ஓடாதபோது ஆம்ப்பின் அவுட்புட்டில் சரியாக 0 வோல்ட் இருக்க வேண்டும். அங்கே கொஞ்சம் டிசி மின்னழுத்தம் தங்கியிருந்தால் அதுதான் ஆஃப்செட். ஹெட்ஃபோனின் காயில் அது ஒரே திசையில் மின்னோட்டத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும். டயஃப்ரம் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும். ஆஃப்செட் பெரிதானால் காய் சூடாகும், இன்னும் பெரிதானால் கருகும்.

எவ்வளவு வரை பரவாயில்லை?

நான் வைத்திருக்கும் கோடு 20 மில்லிவோல்ட். 50 வரை ஹெட்ஃபோனுக்கு ஆபத்து இல்லை: 32 ஓம் காயில் 50 மில்லிவோல்ட் என்றால் 1.6 மில்லியாம்பியர்தான் ஓடும், மில்லிவாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் உங்கள் ஐசிக்கு எது இயல்பு என்று தெரிந்திருந்தால்தான் அந்த எண் ஏதாவது சொல்லும். இந்த ஆம்ப்பில் போடும் ஓபிஏ2134 என்ற ஆப்-ஆம்ப் ஐசியின் உள் ஆஃப்செட் சாதாரணமாக அரை மில்லிவோல்ட், அதிகபட்சம் 2. கெயின் 11-ஆல் பெருக்கினால் 5.5 மில்லிவோல்ட், மோசமானால் 22. ஆகவே ஓபிஏ2134 போட்ட ஆம்ப்பில் 40 மில்லிவோல்ட் வந்தால், ஹெட்ஃபோனுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் எங்கோ தப்பு இருக்கிறது. அதே 40 டிஎல்072-இல் வந்தால் பேசாமல் விட்டுவிடலாம். சாதாரண ரகத்துக்கு 10 மில்லிவோல்ட் வரை தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டே அனுமதி தருகிறது, பெருக்கினால் 110.

எப்படி அளப்பது?

இன்புட்டில் எதுவும் செருக வேண்டாம். மீட்டரை டிசி 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, முதலில் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டு 0 காட்டுகிறதா என்று பாருங்கள். சந்தையில் கிடைக்கும் மஞ்சள் நிற மலிவு மீட்டர் இதற்குத் தாராளமாகப் போதும். கறுப்பு புரோப் ஹெட்ஃபோன் ஜாக்கின் கிரவுண்டில், சிவப்பு இடது சேனலில், அப்புறம் வலதில்.

ஜாக்குக்குள் புரோபைக் குத்தாதீர்கள். வழுக்கினால் இரண்டு சேனலும் ஷார்ட். கெட்டுப்போன இயர்ஃபோனின் பிளக்கை வெட்டி மூன்று ஒயரையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதோடு 33 ஓம் ரெசிஸ்டர் இரண்டு வாங்கி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எண்ணை மட்டும் எழுதினால் பாதி வேலைதான். பிளஸ்ஸா மைனஸா, இரண்டு சேனலிலும் ஒன்றா, லோடு (ஹெட்ஃபோன் அல்லது அதற்குப் பதில் அந்த 33 ஓம் ரெசிஸ்டர்) இல்லாமல் எவ்வளவு, லோடோடு எவ்வளவு, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சேனலிலும் ஒரே அளவு, ஒரே குறி என்றால் காரணம் பொதுவானது: கிரவுண்ட், சப்ளை, அல்லது ஐசியின் குணம். ஒரு சேனலில் மட்டும் என்றால் அந்த சேனலின் ஏதோ ஒரு ரெசிஸ்டர் அல்லது சால்டர். இந்த ஒரு வித்தியாசம் பாதி போர்டை சந்தேகப் பட்டியலிலிருந்து விலக்கிவிடும்.

என் ஆம்ப்பில் 4.5 வோல்ட் காட்டுகிறது. ஐசி போய்விட்டதா?

கறுப்பு புரோபை பேட்டரியின் மைனஸில் வைத்திருக்கிறீர்கள். இந்த சர்க்யூட்டில் பேட்டரி மைனஸ் கிரவுண்ட் அல்ல, இரண்டு 4.7 கே சேரும் நடுப்புள்ளிதான் கிரவுண்ட். புரோபை அங்கே மாற்றுங்கள். பத்துப் பேர் பதறினால் அதில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

இரண்டு சேனலிலும் மைனஸ் 200 மில்லிவோல்ட் பக்கம் வருகிறது. எல்லா சால்டரையும் மறுபடி வைத்துவிட்டேன். மாறவே இல்லை.

என்னுடைய முதல் ஆம்ப்பில் நடந்ததும் இதேதான். ஓபிஏ2134 விலை அதிகம் என்று, கையில் கிடந்த என்ஈ5532-ஐ அதே சாக்கெட்டில் மாட்டினேன். பின் வரிசை ஒன்றுதானே. பாட்டு வந்தது. மீட்டர் இடதில் மைனஸ் 210, வலதில் மைனஸ் 205 காட்டியது. இரண்டு இரவு சால்டரை உருக்கி உருக்கி வைத்தேன், ஒரு காப்பர் பேட் பெயர்ந்து வந்ததுதான் மிச்சம்.

சால்டரில் ஒரு குறையும் இல்லை. கணக்கில்தான் இருந்தது. 5532-இன் இன்புட்டில் இருப்பவை சாதாரண என்பிஎன் டிரான்சிஸ்டர்கள். அவை வேலை செய்ய பின்னுக்குள் கொஞ்சம் மின்னோட்டம் போக வேண்டும்: சாதாரணமாக 200 நானோஆம்பியர். அந்த மின்னோட்டத்துக்கு இருக்கும் ஒரே வழி 3-ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 100 கே. 200 நானோஆம்பியரை 100 கே-ஆல் பெருக்கினால் 20 மில்லிவோல்ட். மின்னோட்டம் பின்னுக்குள் போவதால் பின் கிரவுண்டுக்குக் கீழே இறங்குகிறது, அதனால் மைனஸ். கெயின் 11-ஆல் பெருக்கினால் மைனஸ் 220. என் மீட்டர் காட்டியது கிட்டத்தட்ட அதையேதான். ஓபிஏ2134-இல் இருப்பது ஃபெட் என்ற வேறு வகை டிரான்சிஸ்டர் இன்புட். அதன் மின்னோட்டம் பிகோஆம்பியர் கணக்கில் வரும். அதே 100 கே-யில் அது உண்டாக்கும் ஆஃப்செட்டை இந்த மீட்டரால் பார்க்கவே முடியாது.

உங்களுடையதும் இதே நோய்தானா என்று அரை நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு 10 கே ரெசிஸ்டரின் இரண்டு காலையும் அந்த 100 கே-யின் இரு முனையிலும் தொட்டுப் பிடியுங்கள். மொத்த ரெசிஸ்டன்ஸ் 9 கே ஆகிவிடும். மீட்டர் 210-லிருந்து 20 பக்கம் சரிந்தால் காரணம் பின்னுக்குள் போகும் அந்த மின்னோட்டம்தான், அதன் பெயர் பயாஸ் மின்னோட்டம். அசையாமல் நின்றால் வேறு இடத்தில் தேடுங்கள்.

தீர்வு மூன்று. ஒன்று, ஃபெட் இன்புட் ஐசிக்கு மாறுவது. நான் அதைத்தான் செய்தேன். 5532-க்கு டேட்டாஷீட் கேட்பது குறைந்தபட்சம் பிளஸ்-மைனஸ் 5 வோல்ட், ஒற்றை 9 வோல்ட் பேட்டரியில் அது எப்படியும் மூச்சுத் திணறும். இரண்டு, 100 கே-யை 22 கே ஆக்கி, இன்புட் கெபாசிட்டரை 1 மைக்ரோஃபாரட் ஆக்குவது. கெபாசிட்டரை மாற்றாமல் விட்டால் பாஸ் காணாமல் போகும். கெயினையும் 3-க்குக் குறைத்தால் ஆஃப்செட் 13 மில்லிவோல்ட் பக்கம் வந்துவிடும். பெரும்பாலான ஹெட்ஃபோனுக்கு 11 மடங்கு கெயின் தேவையே இல்லை. மூன்று, 1 கே ரெசிஸ்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுவது. பாட்டுக்கு கெயின் அப்படியே 11 இருக்கும், டிசிக்கு மட்டும் 1 ஆகிவிடும். 220 இருந்த இடத்தில் 20 இருக்கும்.

லோடு இல்லாமல் 200 இருந்தது, ஹெட்ஃபோன் செருகினால் 20 தான் காட்டுகிறது. தானே சரியாகிவிட்டதா?

இல்லை. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

கறுப்பு புரோபை இப்போது பேட்டரி மைனஸுக்கு மாற்றி, சிவப்பால் வர்ச்சுவல் கிரவுண்டைத் தொடுங்கள். ஹெட்ஃபோன் இல்லாமல் 4.5 வோல்ட் இருக்கும். சேனலுக்கு ஒன்றாக 33 ஓம் ரெசிஸ்டர்களைப் போட்டுவிட்டுப் பாருங்கள். என் ஆம்ப்பில் அது 1.8 வோல்ட்டுக்கு இறங்கி நின்றது.

காரணம் இதுதான். மைனஸ் 200 மில்லிவோல்ட்டில் நிற்கும் அவுட்புட், 33 ஓம் வழியாக வர்ச்சுவல் கிரவுண்டிலிருந்து 6 மில்லியாம்பியரை இழுக்கப் பார்க்கிறது. இரண்டு சேனலுக்கும் சேர்த்து 12. அந்தக் கிரவுண்டோ இரண்டு 4.7 கே ரெசிஸ்டரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு மில்லியாம்பியர் இழுத்தாலே 2.3 வோல்ட் சரிந்துவிடும். ஆகவே கிரவுண்ட் கீழே போய்க்கொண்டே இருக்கிறது, ஆப்-ஆம்ப்பின் அவுட்புட் கீழ் சப்ளையில் முட்டி நிற்கும்வரை. முட்டிய பிறகு அதனால் இழுக்க முடிவதில்லை, அதனால் மீட்டரில் 20 தெரிகிறது. ஹெட்ஃபோன் தப்பித்துவிட்டது உண்மைதான், ஆனால் ஒலி அலையின் ஒரு பக்கம் போக இடமில்லை. வால்யூமைக் கொஞ்சம் கூட்டினாலே கரகரவென்று உடையும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து புது பேட்டரி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

சின்ன ஆஃப்செட்டே இந்த வகை கிரவுண்டை அசைக்கும். சேனலுக்கு 5 மில்லிவோல்ட் ஒரே குறியில் இருந்தால் 32 ஓம் ஹெட்ஃபோனில் கிரவுண்ட் முக்கால் வோல்ட் நகர்ந்துவிடும். ஆகவே ஆஃப்செட்டை லோடு இல்லாமல் அளக்க வேண்டும், கிரவுண்டை லோடோடு அளக்க வேண்டும். டிஎல்ஈ2426 போல கிரவுண்டைப் பிடித்து நிறுத்தும் ஐசி போட்டால் இந்தச் சரிவு வராது. ஆனால் அப்போது ஆஃப்செட் முழுசாக ஹெட்ஃபோனுக்குப் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு சேனலில் மட்டும் 3 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது.

இது ஆஃப்செட் கணக்கில் சேராது. அந்தப் பக்கம் ஆம்ப் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. ஹெட்ஃபோனைத் தள்ளி வையுங்கள். கறுப்பு புரோப் வர்ச்சுவல் கிரவுண்டில் இருக்கட்டும், சிவப்பால் 3, 2, 1 என்ற வரிசையில் தொடுங்கள். வலது சேனல் என்றால் 5, 6, 7.

3-ஆம் பின்னே சில வோல்ட் நகர்ந்திருந்தால் 100 கே கிரவுண்டைத் தொடவில்லை. பின் அந்தரத்தில் தொங்குகிறது, போன போக்கில் போகிறது. அந்த ரெசிஸ்டரின் காலையும் அதன் தடத்தையும் பாருங்கள்.

3-இல் 0, 2-இலும் 0, ஆனால் 1 மட்டும் சப்ளையில் ஒட்டிக்கொண்டிருந்தால் 10 கே ஃபீட்பேக் அறுந்திருக்கிறது. அவுட்புட்டில் நடப்பது 2-ஆம் பின்னுக்குத் தெரியவே இல்லை. பெரும்பாலும் டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத சால்டர். மேலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும், காலை ஆட்டினால் ஆடும்.

3-இல் 0, 1-இல் 3.3 வோல்ட், 2-இல் சரியாக அதில் பதினொன்றில் ஒரு பங்கு, அதாவது 0.3 இருந்தால் ரெசிஸ்டர்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. செய்தி 2-ஆம் பின்னுக்கு வந்து சேர்கிறது, ஐசிதான் கேட்க மறுக்கிறது. முதலில் 4-க்கும் 8-க்கும் நடுவில் முழு பேட்டரி வோல்ட்டேஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஐசியை மாற்றுங்கள். சாக்கெட் போடாமல் ஐசியை நேராக சால்டர் செய்தவர்கள் இந்த இடத்தில்தான் வருத்தப்படுவார்கள்.

ஆஃப்செட் வோல்ட் கணக்கில் இல்லாமல், பக்கத்துச் சேனலைப் போலப் பத்து மடங்கு இருந்தால் ரெசிஸ்டரின் நிறப் பட்டையைப் பாருங்கள். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10 கே. பழுப்பு, கறுப்பு, மஞ்சள் என்றால் 100 கே. டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். மீட்டரால் அளந்து போடுவதுதான் நல்லது.

வால்யூம் திருகும்போது ஆஃப்செட் மாறுகிறது.

நான் விவரித்த சர்க்யூட்டில் அப்படி மாறக் கூடாது, நடுவில் கெபாசிட்டர் இருக்கிறது. மாறினால் அந்தக் கெபாசிட்டர் கசிகிறது. கெபாசிட்டரே இல்லாமல் பாட் நேராக 3-ஆம் பின்னுக்குப் போகும் சர்க்யூட் என்றால், இன்புட் ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி திருகிப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் டிசி வெளியிலிருந்து வருகிறது, அதாவது உங்கள் பிளேயரிலோ டாக்கிலோ (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக்கும் கருவி) இருந்து. நிற்காவிட்டால் ஐசியின் பயாஸ் மின்னோட்டம் பாட் வழியாக ஓடுகிறது; 50 கே பாட்டும் 5532-உம் சேர்ந்தால் முழு வால்யூமில் 110 மில்லிவோல்ட் வரும். திருகும்போது வரும் கரகரப்புக்கும் இதே காரணம் இருக்கக்கூடும். புது பாட் வாங்கும் முன் ஒரு கெபாசிட்டர் போட்டுப் பாருங்கள்.

எண் நிலையாக நிற்கவில்லை. ஐசி சுடுகிறது. விரலைக் கிட்டக் கொண்டுபோனால் மாறுகிறது.

ஆம்ப் ஆசிலேட் ஆகிறது, அதாவது சிக்னல் இல்லாமலே தானாக அதிர்கிறது, நமக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில். மலிவு மீட்டரால் அதைப் பார்க்க முடியாது, அது உண்டாக்கும் பொய் டிசியை மட்டும் காட்டும். ஆசிலோஸ்கோப் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: பேட்டரியோடு தொடரில் மீட்டரை வைத்து மின்னோட்டத்தை அளங்கள். ஓபிஏ2134-க்கு 8 மில்லியாம்பியர், ரெசிஸ்டர் பிரிப்புக்கு 1, எல்இடிக்கு இரண்டோ மூன்றோ. பாட்டு ஓடாமலே 30 இழுத்தால் சந்தேகம் வேண்டாம்.

0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றை 4-க்கும் 8-க்கும் நடுவில், ஐசியின் வயிற்றுக்கு அடியிலேயே போடுங்கள். இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டால் போடாத மாதிரிதான். அவுட்புட்டில் 47 ஓம் தொடரில் சேருங்கள். மீட்டர் ஒயரே சில சமயம் ஆசிலேஷனைக் கிளப்பிவிடும். புரோப் முனையில் ஒரு 1 கே ரெசிஸ்டரைச் சுற்றி, அதன் மறுகாலால் தொட்டு அளந்தால் உண்மை தெரியும்.

எல்லாம் சரி பார்த்தாயிற்று. ஓபிஏ2134 என்றுதான் மேலே எழுதியிருக்கிறது. ஆனாலும் மைனஸ் 200.

எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். எழுத்தைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் அச்சடித்த ஐசிகள் நிறைய உலவுகின்றன. எனக்கு ஒரு தபால் உறையில் வந்த ஐந்தில் ஐந்தும் அப்படித்தான். மேலே சொன்ன 10 கே சோதனையைச் செய்யுங்கள். ஆஃப்செட் சரிந்தால் உள்ளே இருப்பது ஃபெட் இன்புட் அல்ல, பெயர் என்னவாக இருந்தாலும்.

டிரான்சிஸ்டர்களால் செய்த ஆம்ப். போட்டவுடன் 60, கால் மணி நேரத்தில் 5. எதை நம்புவது?

கால் மணி நேரம் கழித்து வருவதை. டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ் ஒரு டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் குறையும். இன்புட் ஜோடியில் ஒன்று மற்றதைவிட ஒரு டிகிரி சூடானாலும் ஆஃப்செட் நகரும். மீட்டரை மாட்டிவிட்டு ஒரு டிரான்சிஸ்டர் மேல் மட்டும் ஊதிப் பாருங்கள், எண் ஓடுவது தெரியும். அந்த இரண்டையும் தட்டையான முகங்கள் ஒட்டும்படி சேர்த்து, மேலே ஒரு ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டுவிட்டால் ஆட்டம் அடங்கும். ஆஃப்செட்டைத் திருத்தும் டிரிம்மர் (குட்டித் திருகு ரெசிஸ்டர்) இருந்தால், மூடி போட்டுச் சூடேறிய பிறகுதான் திருக வேண்டும்.

இந்த வகை ஆம்ப்பில் பிளஸ்-மைனஸ் 12 வோல்ட் சப்ளை சாதாரணம். ஒரு அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 32 ஓம் காயில் 4.5 வாட் போகும், சில நொடியில் வேலை முடிந்துவிடும். விலையுள்ள ஹெட்ஃபோன் என்றால் டிசியைக் கண்டதும் துண்டிக்கும் ரிலே கட்டாயம் வேண்டும். ஸ்பீக்கருக்காக விற்கும் பாதுகாப்பு போர்டை அப்படியே மாட்டினால் போதாது. எத்தனை வோல்ட்டில் துண்டிக்கிறது என்று ஒரு பென்சில் பேட்டரியை வைத்துச் சோதித்துவிட்டு நம்புங்கள்.

அவுட்புட்டில் ஒரு கெபாசிட்டர் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்ததல்லவா?

ஹெட்ஃபோனுக்குத் தீரும். 32 ஓம் லோடுக்கு 220 மைக்ரோஃபாரட் போட்டால் 23 ஹெர்ட்ஸில் பாஸ் பாதி சக்திக்கு வந்துவிடும்; 470 போட்டால் 11 ஹெர்ட்ஸ். அதற்குப் பின்னால் ஜாக்கிலிருந்து கிரவுண்டுக்கு 1 கே போடாவிட்டால், செருகும் ஒவ்வொரு முறையும் காதில் 'டப்' என்று அறையும். ஆனால் காரணம் தெரியாத ஆஃப்செட்டை கெபாசிட்டருக்குப் பின்னால் ஒளித்து வைப்பது எனக்குப் பிடிக்காது. ஆஃப்செட்டைத் தானே திருத்தும் சர்வோ சர்க்யூட்டும் அப்படித்தான். சர்வோ இருந்தால் அவுட்புட்டில் எப்போதும் 0 தான் தெரியும். சர்வோ ஐசியின் அவுட்புட்டை அளந்து பாருங்கள், அது சப்ளைக்குக் கிட்டே நின்றால் உள்ளே ஏதோ ஒன்றை அது மூச்சுப் பிடித்துத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

போர்டில் 3 மில்லிவோல்ட்தான் இருந்தது. தகரப் பெட்டியில் போட்டதும் எல்லாம் கெட்டுவிட்டது.

ஹெட்ஃபோன் ஜாக்கின் உடம்பு வர்ச்சுவல் கிரவுண்ட். அடாப்டர் செருகும் டிசி ஜாக்கின் உடம்பு பேட்டரி மைனஸ். இரண்டும் உலோகமாக இருந்து ஒரே தகரத்தைத் தொட்டால் இரண்டும் ஷார்ட், கிரவுண்ட் 0 வோல்ட்டுக்கு விழுந்துவிடும். டிசி ஜாக்கை பிளாஸ்டிக்கில் வாங்குங்கள், அல்லது துளையில் ஃபைபர் வாஷர் போடுங்கள். ஆம்ப்பையும் டாக்கையும் ஒரே யுஎஸ்பியிலிருந்து ஓட்டினாலும் இதே கதைதான். இந்த முறை ஷார்ட் சிக்னல் ஒயரின் ஷீல்டு வழியாக நடக்கும், பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடாப்டரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். 3 மில்லிவோல்ட் திரும்பி வந்தால் போர்டைத் தொட வேண்டாம்.